விளம்பரத் தமிழும் சொல்லின் பொறுப்பும்

1. முன்னுரை

விளம்புதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. சொல்லுதல் ஒன்று, உண்கலத்தில் உணவு பரிமாறுதல் மற்றொன்று. தம்மிடம் உள்ளதைப் பிறர் முன் வைத்தல் என்னும் கருத்து இவ்விரண்டிற்கும் பொதுவாய் நிற்கின்றது. விளம்பரம் என்று இக்காலத்து வழங்கும் சொல் இவ்வடியோடு தொடர்புடையது. இலையில் இடுவது உண்ணத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். அதுபோலவே, விளம்பப்படுவது கொள்ளத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் இச்சொல்லோடு உடன்வருகின்றது. அவ்வெதிர்பார்ப்பு இன்றைய விளம்பரத் தமிழில் எத்துணை நிறைவேறுகின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்விற்கு ஓர் எல்லை வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியை நாம் எல்லையாகக் கொண்டோம். பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில் வழியாக ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், கோயம்பேட்டிலிருந்து மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், இவற்றின் கிளைத்தெருக்களும் இதனுள் அடங்கும். இவ்வழிகளின் சுவர், கடைப்பலகை, பதாகை, பேருந்தின் முதுகு, மின்தொடர் வண்டியின் உட்புறம் ஆகியவற்றில் காணப்பெறும் எழுத்தே நாம் எடுத்துக்கொண்ட பாடம். தனி நிறுவனம் எதனையும் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆதலின் எப்பெயரும் சுட்டாது, பல விளம்பரங்களுக்கும் பொதுவாய் நிற்கும் தொடர்களையே எடுத்துக் காட்டுகின்றோம்.

இலக்கியத் திறனாய்விற்கு இப்பொருள் ஏற்றதாகுமோ என்று ஐயுறுவார் உளர். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு அமையாது, பிசி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றையும் உடன்வைத்து எண்ணினார். மக்கள் வாயில் வழங்கும் விடுகதையும் பழமொழியும் அவர்தம் நோக்கிற்குப் புறம்பாகவில்லை. மேலை நாட்டிலும் இவ்வாராய்ச்சிக்கு முன்னோடிகள் உளர். லியோ ஸ்பிட்சர் என்னும் மொழிநூலறிஞர், ஆரஞ்சுப் பழ விளம்பரம் ஒன்றைச் செவ்விய இலக்கியத்தை ஆராயும் முறையிலேயே ஆராய்ந்து 1949இல் கட்டுரை வெளியிட்டார். சலவைத்தூள் விளம்பரத்தையும் ஆராய்ச்சிப் பொருளாக்கிய ரோலான் பார்த்தின் நூல் 1957இல் வெளிவந்தது. ஜெஃப்ரி லீச் ஆங்கில விளம்பர மொழியின் இலக்கணத்தை 1966இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். தமிழ் விளம்பரத்தைத் தமிழிலக்கண நெறி நின்று நோக்கும் முயற்சி நம் துறைகளிலும் நிகழ்தல் வேண்டும்.

2. பண்டைத் தமிழர் விளம்பிய முறை

விளம்பரம் இக்காலத்துப் புதுவது என்று கருதுதல் பொருந்தாது. மதுரைக்காஞ்சி கூடல் நகரின் தெருக்களில் ஆடிய பலவேறு கொடிகளைக் கூறுங்கால் கள்விற்கும் கொடியையும் உடன்கூறுகின்றது. பட்டினப்பாலையிலும் இவ்வாறே தெய்வத்திற்கு எடுத்த கொடி, வாதிற்கு அழைக்கும் நல்லாசிரியர் கொடி, நாவாயின் கொடி, கள்விலை கூறும் கொடி என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. கல்வியும் வாணிகமும் ஒரே வானத்தின்கீழ்க் கொடி எடுத்தன. எனினும், எக்கொடி எதனைக் குறிக்கின்றது என்பதில் காண்பார்க்கு மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் வணிகர்தம் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் கூறப்படுகின்றன. அப்பொதிகளின்மேல் இருந்த கண்ணெழுத்து உடையவன் யாவன், உள்ளது எவ்வளவு என்னும் இரண்டையும் உணர்த்திற்று. மணிமேகலையின் விழாவறை காதையில் வள்ளுவன் யானைமேல் முரசேற்றி விழாவினை நகருக்கு அறிவிக்கின்றான். அறிவிப்பவன் இன்னான், அறிவிக்கப்பெறும் நாள் இன்னது என்பன ஆண்டு வெளிப்படை.

இவை எல்லாவற்றினும் நம் ஆய்விற்கு இன்றியமையாதது அகநானூற்றின் 140ஆம் பாட்டு ஆகும். அம்மூவனார் பாடிய அப்பாட்டில் உமணர் மகள் ஒருத்தி, நெல்லுக்கு ஒத்த அளவினது உப்பு என்று சேரியில் விலை கூறிச் செல்கின்றாள். அவள் விளிக்கும் ஓசை கேட்டு மனையிலிருந்த நாய் குரைக்கின்றது, அவள் அஞ்சுகின்றாள். ஒரு விளம்பரத்தின் முழுமையான காட்சி இதன்கண் உள்ளது. விற்பவள் கண்முன் நிற்கின்றாள். மாற்றும் பொருளும் மாற்றின் அளவும் கூறப்படுகின்றன. கூவும் ஓசை அன்றாட ஒலிகளினின்றும் வேறுபட்டதாகலின், நாயும் அதனைத் தனித்து உணர்கின்றது.

இச்சான்றுகளிலிருந்து பண்டைய விளம்பரத்திற்கு உரிய மூன்று இயல்புகள் போதரும். சொல்வார் இன்னார் எனத் தெரிதல் ஒன்று. சொல்லப்பட்டது அளந்து காண்டற்கு இயைதல் இரண்டு. கேட்பார்க்கு அது ஒரு தனிநிகழ்ச்சியாய் நிற்றல் மூன்று. பட்டினப்பாலை வணிகரை நுகத்தின் நடுவாணிக்கு ஒப்பிட்டதும், திருவள்ளுவர் வாணிகத்தைப் பொருள் பற்றிய அதிகாரம் எதனுள்ளும் வையாது நடுவுநிலைமை அதிகாரத்துள் வைத்ததும் இவ்வியல்புகளோடு ஒத்துச் செல்கின்றன. பண்டை நாளில் பொய்யுரைத்து விற்றவர் இலர் என்று நாம் கூற வரவில்லை. விற்கும் சொல்லை எவ்வளவுகோல் கொண்டு அளந்தனர் என்பதையே கூறுகின்றோம்.

3. ஆய்வு நிலத்தின் இயல்பு

மேற்குப் புறநகர் பழமையும் புதுமையும் அடுத்தடுத்து நிற்கும் நிலம். பாடியும் வடதிருமுல்லைவாயிலும் தேவாரப் பாடல் பெற்றவை. பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகளின் ஊர். அதனை அடுத்த திருமழிசை ஆழ்வார் ஒருவரின் ஊர். இந்நிலத்தின் முகம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறிற்று. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை 1949இல் தோன்றிய நிறுவனத்தால் எழுந்தது. ஆவடியில் 1955 சனவரியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதருமப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக ஏற்றது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. வயலும் ஏரிக்கரையும் இருந்த இடத்தில் பட்டறையும், பட்டறைக்கு அப்பால் வீட்டுமனையும், மனைக்கு அப்பால் அடுக்குமாடியும் எழுந்தன. இன்று போரூரிலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ இரயிலின் தூண்கள் வரிசையாய் நிற்கின்றன.

இந்நிலத்தின் மக்கள் பெரும்பாலும் வேறு ஊர்களிலிருந்து வேலை தேடி வந்தோரும் அவர்தம் வழியினரும் ஆவர். வந்தவர்க்குப் புதிய ஊரை முதலில் அறிமுகம் செய்வது சுவரெழுத்தே. எங்கே வேலை உண்டு, எங்கே வீடு உண்டு, எங்கே மருத்துவர் உளர் என்று அவர்க்குக் கூறியது அண்டை வீட்டாரினும் முன்னர்ச் சுவரே. ஆதலின் இந்நிலத்தில் விளம்பரம் வெறும் ஆரவாரம் அன்று. வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு வழிகாட்டி. வழிகாட்டி பிழைபடின் கேடு மிகுதி என்பது கூறாமலே விளங்கும்.

சுவருக்கு வெளியே ஒலியும் ஒளியும் வந்தன. இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. அதன் தமிழ்ப்பகுதியைத் தமிழகத்தார் விரும்பிக் கேட்டனர். இந்திய வானொலியின் விவித் பாரதி 1967இல் விளம்பரத்திற்கு இடந்தந்தது. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அடுத்த ஆண்டே தொலைக்காட்சியில் விளம்பரம் புகுந்தது. 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. இன்றோ கைப்பேசி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சுவரை வைத்துள்ளது. வைகறையில் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர் ஆவடி நிலையத்தில் வண்டியேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் சுவர், வண்டி, கைப்பேசி ஆகிய மூன்றினும் விளம்பரம் கண்டுவிடுகின்றார். அவர் கண்டது எத்தனை என்று அவரை வினவின் விடை கூற இயலாது. இவ்வியலாமை பற்றிப் பின்னர்க் கூறுதும்.

4. ‘ஆட்கள் தேவை’

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் வாயிற்கதவுகளில் தொங்கும் சிறு பலகைகளை முதலிற் காண்போம். ‘ஆட்கள் தேவை. டர்னர், ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர். நேரில் வரவும்.’ இத்தகைய பலகையில் அடைமொழி ஒன்றேனும் இல்லை. வினை ஒன்றே, அதுவும் வியங்கோளின் பணிவோடு ‘வரவும்’ என்று நிற்கின்றது. சொல்வார் யார் என்பதற்குப் பலகை தொங்கும் கதவே சான்று. சொல்லப்பட்டதன் மெய்ம்மையை உள்ளே சென்று வினவி உடனே அறியலாம். உமணர் மகளின் கூவலுக்கு மிக அண்மையது இவ்வுரைநடை.

இதன்கண் வரும் டர்னர், வெல்டர் என்னும் பிறமொழிச் சொற்களைக் குறையெனக் கூறுவார் உளர். அவர் கூற்று ஆராயத்தக்கது. பற்றவைப்பவர், கடைசலர் என்னும் சொற்கள் நமக்கு உவப்பானவையே. எனினும், தொழிலாளர் தம் கைத்தொழிலுக்குத் தாமே வழங்கும் பெயரை அழைப்பில் எழுதுதல் அழைப்பின் பயனுக்கு உரியது. ஒரு சொல் கடன்பெற்றதா என்பதினும், கேட்பவன் அச்சொல்லால் பொருளை ஐயமின்றி உணர்கின்றானா என்பதே விளம்பரத்தின்கண் முதற்கண் வினவற்பாலது. வெல்டர் என்று கேட்ட அளவில் அம்பத்தூர் இளைஞன் இன்ன தொழில், இன்ன கருவி, இன்ன ஊதியம் என்று உணர்வான். ‘லக்ஸுரி’ என்று கேட்ட அளவில் அவன் உணர்வது யாது? ஒரு மங்கிய விருப்பமே. முன்னது கடன்பெற்ற சொல்லாயினும் பொருளைத் தாங்கி நிற்கின்றது. பின்னது பொருளை விடுத்துப் பளபளப்பை மட்டும் தாங்குகின்றது. ‘ஒப்பற்ற’, ‘உன்னத’ என்னும் தமிழ் வழக்குகளும் இப்பின்னதன் வகையினவே. ஆகவே குறை மொழியின் பிறப்பில் இல்லை. சொல்லின் பொறுப்பின்மையில் உள்ளது.

கடைப்பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெறல் வேண்டும் என்னும் விதி தமிழ்நாட்டில் உண்டு. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றின் எழுத்தளவு ஐந்து, மூன்று, இரண்டு என்னும் விகிதத்தில் அமைதல் வேண்டும் என்றும் வரையறுத்துளர். இது வேண்டுவதே. ஆயினும், ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழ் வரிவடிவில் பெரிதாக எழுதிவிட்டால் விதி நிறைவேறிவிடுகின்றது; தமிழ் நிறைவேறுவதில்லை. எழுத்தின் அளவைச் சட்டம் அளக்கலாம். சொல்லின் நிறையைத் திறனாய்வாளரே அளத்தல் வேண்டும்.

5. ‘மிக அருகில்’

பூந்தமல்லி, திருமழிசை வழிகளில் மிகுதியாகக் காணப்பெறுவது வீட்டுமனை விளம்பரம். ‘பேருந்து நிலையம் மிக அருகில்’, ‘நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து நிமிடத்தில்’, ‘பதினைந்து இலட்சம் முதல்’ என்பன இவ்வகையின் வாய்பாடுகள். இவற்றின் இலக்கணம் நுணுகி நோக்கத்தக்கது.

அருகு என்பது ஒன்றன் பக்கத்தைச் சுட்டும் சொல். அதற்கு இரு முனைகள் வேண்டும். இடையே ஓர் அளவும் வேண்டும். விளம்பரத்தில் ஒரு முனை மட்டுமே பெயர் பெறுகின்றது. அளவு மறைகின்றது. ‘ஐந்து நிமிடம்’ என்பதில் அளவு உண்டெனத் தோன்றும். ஆயின் நடந்தா, ஊர்தியிலா, எப்பொழுது, எவ்வளவு நெரிசலில் என்பன கூறப்படாமையின் அது காலத்தைக் கூறுவது போன்று காட்டித் தொலைவை மறைக்கும் தொடராகின்றது. ‘முதல்’ என்பதும் இத்தகையதே. தமிழ் வழக்கில் முதல் என்றால் ஈறு ஒன்று உண்டு. இன்னது முதல் இன்னது வரை என்பது நிறைவுத் தொடர். விளம்பரம் முதலைக் காட்டி ஈற்றை விடுக்கின்றது.

இதனோடு இந்நிலத்தின் பழைய சுவரெழுத்தை ஒப்பிடுவோம். திருமுல்லைவாயில் முதலிய கோயில்களின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. நிலத்தைக் கொடுக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் பொதுவாக எம்முறையில் அமைகின்றன என்பதை ஆய்வாளர் அறிவர். கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை, மேல்பால் எல்லை, வடபால் எல்லை என நான்கும் வரையறுக்கப்படுகின்றன. நிலத்தின் அளவு கூறப்படுகின்றது. கொடுத்தார், கொண்டார் பெயரும், எழுதினார் கையெழுத்தும் இறுதியில் நிற்கின்றன. அதுவும் சுவரெழுத்தே, அதுவும் நிலம் பற்றியதே. ஆயின் அது நான்கெல்லையின் மொழி. இது ‘அருகில்’ என்னும் ஒற்றைச் சொல்லின் மொழி. கல்வெட்டு முடிந்த கொடையைப் பதிவது, விளம்பரமோ இனி நிகழவுள்ள விற்பனைக்கு அழைப்பது ஆகலின் இரண்டனையும் ஒப்பிடுதல் பொருந்தாது எனலாம். உண்மையே. எனினும், வாங்குவோர் தம் வாழ்நாட் சேமிப்பை ஒப்புவிப்பது பத்திரத்தைக் கண்ட பின்னர் அன்று. பெரும்பாலும் அழைப்பில் மனம் வைத்த அன்றே அவர் பாதி முடிவு செய்துவிடுகின்றார்.

வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி, பதிவு செய்யவேண்டிய திட்டங்களின் விளம்பரத்தில் ஆணையத்தின் பதிவு எண் குறிக்கப்பெறல் வேண்டும். அவ்வெண் இன்று பல பலகைகளின் கீழ்விளிம்பில் உள்ளது. நாற்புற எல்லையின் மரபு இவ்வெண் வடிவில் ஒரு சிறிது மீண்டுளது என்று நாம் மகிழலாம். ஆயின் ‘அருகில்’ என்பது ஆள் உயரமும், பதிவு எண் விரல் உயரமுமாக இருத்தலையும் நோக்குதல் வேண்டும்.

6. மறைந்த ஐந்தாம் வேற்றுமை

விளம்பர மொழியின் உயிர்நிலை ஒப்பீட்டில் உள்ளது. ஆங்கில விளம்பரங்களில் மிகுதியும் வரும் அடைமொழிகளை லீச் தொகுத்தபோது ‘புதிய’ என்பதே முதலிடம் பெற்றது. தமிழ் விளம்பரத்திலும் ‘புதிய’, ‘மேலும் சிறந்த’, ‘அதிக வெண்மை’, ‘கூடுதல் சுவை’ என்பன மலிந்துள. தமிழிலக்கணப்படி ஒப்பீடு ஐந்தாம் வேற்றுமையின் பொருள். இதனைக் காட்டிலும் இது இத்தன்மைத்து என்று கூறுங்கால், ‘இதனைக் காட்டிலும்’ என்னும் பகுதி இன்றித் தொடர் நிறைவுறாது. விளம்பரத்தில் அப்பகுதி காணப்படுவதில்லை. அதிக வெண்மை, எதனைக் காட்டிலும்? கூடுதல் சுவை, எதனினும்? விடை இல்லை. விடை இன்மையின் பொய் என்று நிறுவவும் இயலாது. மெய்யாதற்கும் பொய்யாதற்கும் இடமில்லாத தொடர் இது.

இங்கு ஒரு தடை எழும். எச்சம் தமிழ்ச் செய்யுளின் அழகு அன்றோ? சங்கச் சான்றோர் கூறாது விடுத்தவை கூறியவற்றினும் மிகுதி அன்றோ? உள்ளுறையும் இறைச்சியும் மறைத்துக் கூறும் நெறியே அன்றோ? ஆயின் விளம்பரம் மறைப்பதை மட்டும் குறை கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இத்தடைக்கு விடை காணுதல் இக்கட்டுரையின் நடுப்பொருள் ஆகும். செய்யுளில் விடுக்கப்பட்டது செய்யுளிலிருந்தே வருவிக்கத்தக்கது. கருப்பொருளும் துறையும் கூற்றும் கேட்பவனுக்கு வழிகாட்டுகின்றன. அவன் வருவித்தது சரியா, தவறா என்று மீண்டும் செய்யுளிடமே சென்று தெளியலாம். உரையாசிரியர்கள் அதனையே செய்தனர். தம்முள் மறுத்தும் உரைத்தனர். விளம்பரத்தில் விடுக்கப்பட்டது விளம்பரத்திலிருந்து வருவிக்கத்தக்கது அன்று. காண்பவன் தன் குறையையும் தன் ஆசையையும் கொண்டே அவ்விடத்தை நிரப்புகின்றான். செய்யுளின் எச்சம் படிப்பவன் அறிவிற்குப் பணி தருவது. விளம்பரத்தின் எச்சம் அவன் அச்சத்திற்குப் பணி தருவது. செய்யுளுக்கு உரை விளக்கம் தருகின்றது. விளம்பரத்திற்கும் ஓர் உரை உண்டு. அது விண்மீன் குறியிட்டுக் கீழே பொடியெழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று நிற்பது. உரை மூலத்தை விளக்காது, மூலம் தந்ததைத் திரும்பப் பெறுவதற்கு எழுதப்பட்ட ஒரே இலக்கியவகை இதுவாகலாம்.

‘மட்டுமே’ என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பற்றுச்சீட்டில் ‘ரூபாய் நூறு மட்டும்’ என எழுதுவது, பின்னர் எவரும் மிகுத்து எழுதாவாறு தொகையை வரையறுத்தற்கு. காக்கும் சொல் அது. விளம்பரத்தில் ‘ஆயிரம் மட்டுமே’ என வருங்கால் வரையறைப் பொருள் நீங்கி, இது சிறிது என்னும் மதிப்பீடு நுழைகின்றது. ஆயிரம் ஒருவர்க்குச் சிறிதா பெரிதா என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். அவருக்கு முன்னரே ஏகாரம் அதனைத் தீர்மானித்துவிடுகின்றது.

7. உளப்பாட்டுத் தன்மை

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரை உளப்படுத்தது ‘நாம்’, விலக்கியது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வேறுபாட்டை விளம்பரம் தன் வாயிலாக்கிக் கொண்டுள்ளது. விற்பவர் வாங்குவாரிடம் பேசுங்கால் உண்மையில் உரியது ‘நாங்கள்’. ஆயின் சுவர்களில் வருவது ‘நம்ம ஊர்’, ‘நம்ம வீடு’, ‘நம் குடும்பம்’ என்பனவே. வாங்குவோர் ஆதாயத்தில் உளப்படுத்தப்படுவதில்லை. சொல்லில் மட்டுமே உளப்படுத்தப்படுகின்றனர். வேற்றூரிலிருந்து வந்து வேரூன்ற விழையும் புறநகர் மக்களுக்கு ‘நம்ம ஊர்’ என்னும் சொல்லினும் இனியது இல்லை. அவ்வினிமையே ஈண்டு விலைப்பொருளாகின்றது.

இக்கட்டுரையிலும் நாம் ‘நாம்’ என்றே எழுதுகின்றோம். திறனாய்வாளரின் ‘நாம்’ படிப்பவரையும் உளப்படுத்துவது. அவர் சான்றுகளைத் தாமே சென்று கண்டு, உடன்படவும் மறுக்கவும் உரிமையுடையார் என்னும் கருத்தாலேயே அவ்வுளப்பாடு செல்லும். மறுக்கும் உரிமை தாராத ‘நாம்’ எவர் வாயில் வரினும், கல்வித்துறையார் வாயிலேயே வரினும், விளம்பரத்தின் ‘நாம்’ ஆகிவிடும்.

8. விளம்பரத்தின் பயன்

ஒருபுறமே நோக்கி முடிவு கூறுதல் நேர்மையாகாது. தமிழ் இதழியல் வளர்ச்சியில் விளம்பரத்திற்கு உரிய பங்கு பெரிது. விளம்பரத் தொழிலில் இருந்த எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி வளர்த்தார். சிறுகதையும் தொடர்கதையும் பல்லாயிரம் இல்லங்களுக்குச் சென்றதற்கு அவற்றின் பக்கத்தில் நின்ற மருந்து, சவர்க்கார விளம்பரங்களும் துணை ஆயின. குறைந்த சொல்லில் நிறைந்த பொருள் கூறும் பயிற்சியையும், எதுகை மோனைகளின் ஆற்றலையும் விளம்பரம் இன்றும் உயிரோடு வைத்துள்ளது. செய்யுள் நூல் பயிலாத சிறுவனும் மோனைத் தொடரை ஒருமுறை கேட்டு மனங்கொள்ளுதல் இதற்குச் சான்று. எழுத்தறிவு மிகுதியாக இல்லாதார் பலர் கடைப்பலகைகளைக் கண்டு எழுத்துக்கூட்டப் பழகுவதும் இயல்பே.

சட்டமும் வாளா இருக்கவில்லை. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954இல் வந்தது. பொதுவிடங்களை விளம்பரத்தால் அழகுகெடுத்தலைத் தடுக்கும் சட்டம் இம்மாநிலத்தில் 1959இல் வந்தது. தவறான வழியிற் செலுத்தும் விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்தது. எனினும் சட்டம் பொய்யைத் தண்டிக்க வல்லது. நிறைவுறாத தொடரைத் தண்டிக்க அது வல்லதன்று. ‘அருகில்’ என்பதும் ‘அதிக வெண்மை’ என்பதும் சட்டத்தின் வலையில் அகப்படா. இலக்கணத்தின் வலையிலேயே அகப்படும்.

9. குரைக்காத நாய்

மூன்றாம் பகுதியில் ஒரு வினாவை எஞ்சவிட்டோம். ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கியவர் தாம் கண்ட விளம்பரங்களைக் கூற இயலாமை யாதனால்? அவற்றை அவர் காணாமையால் அன்று, காண்பதாக உணராமையால். உமணர் மகளின் ஒரு கூவலுக்கு நாய் குரைத்தது. இன்றைய தெருவில் ஆயிரம் கூவல் உள; குரைப்பது எதுவும் இல்லை. எச்சரிக்கை உணர்வு ஓய்ந்த இடத்தில் சொல் தடையின்றி உட்புகுகின்றது. ஒரு தொடரைப் பொய் என்று அறிந்தார்க்கு அதனால் கேடு குறைவு. மெய்யா பொய்யா என்று வினவவே மறந்தார்க்குக் கேடு மிகுதி. அம்மறதி விளம்பரத்தோடு நிற்பதும் இல்லை. எதனினும் என்று வினவாது ‘மேலும் சிறந்த’ என்பதை ஏற்றுப் பழகிய காது, அரசியல் மேடையிலும் வகுப்பறையிலும் ஆய்வேட்டிலும் அத்தகைய தொடரை ஏற்கும். நம் மாணவர் எழுதும் ஆய்வேடுகளில் ‘மிகச் சிறந்த’, ‘ஈடு இணையற்ற’ என்னும் அடைகள் ஒப்புப்பொருள் இன்றி மலிந்து வருவதைத் தேர்வாளர் அனைவரும் அறிவர். சுவர் நம் துறையினுள்ளும் வந்துவிட்டது.

விளம்பரம் எளிய உயிர்க்கேடாகவும் முடிதல் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் இல்லத் திருமணம் ஒன்றை அறிவித்த பதாகை சாலையில் சென்ற இளம்பெண் ஒருவர்மேல் சரிந்தது; அவர் வீழ, பின்வந்த தண்ணீர் லாரி ஏறி உயிர் நீத்தார். பதாகைகளை ஒழுங்குசெய்யும் விதிகள் அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக இருந்தன. விதி இருந்தும் பதாகை நின்றதற்குக் காரணம், அது அங்கு நிற்பதை எவரும் ஒரு பொருட்டாகக் காணாமையே என்று கூறின் மிகையாகாது. மங்கல நிகழ்ச்சியை அறிவிக்கும் விழாவறையின் மரபு இத்தகைய முடிவிற்கு வந்தமை வருந்தத்தக்கது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. விளம்பரத் தமிழின் குறை பிறமொழிச் சொற் கலப்பினும் ஆழமானது. அது தொடரின் ஒரு பாதியைக் கூறி மறுபாதியைக் கேட்போர் ஆசைக்கு விடுத்தலில் உள்ளது. ஒப்புப்பொருள் இல்லா ஒப்பீடு, ஈறு இல்லா முதல், எல்லை இல்லா அருகு, பங்கு இல்லா உளப்பாடு என்னும் நான்கும் அதன் கூறுகள். இவற்றிற்கு மாறாக, ‘ஆட்கள் தேவை’ என்னும் எளிய பலகை இந்நிலத்திலேயே செம்மையான விளம்பர உரைநடைக்கு எடுத்துக்காட்டாய் நிற்கின்றது.

தமிழ்த்துறைகள் செய்யற்பாலன இரண்டு. ஒன்று, சுவரெழுத்துகளை ஊரும் நாளும் குறித்துத் தொகுத்தல். கல்லில் வெட்டியவை ஆயிரம் ஆண்டு நின்றன. சுண்ணத்தில் எழுதியவை அடுத்த மழைவரை நில்லா. ஒரு தலைமுறையின் ஆசைகளும் அச்சங்களும் படியெடுப்பார் இன்றி அழிகின்றன. மற்றொன்று, வேற்றுமையும் எச்சமும் பயிற்றும் வகுப்பில் பழைய எடுத்துக்காட்டுகளோடு தெருச் சுவரையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல். ஐந்தாம் வேற்றுமையைத் தேர்விற்காக மட்டும் பயின்ற மாணவன் அதனை மறந்துவிடுவான். ‘எதனினும்?’ என்று பூந்தமல்லிச் சாலையில் நின்று ஒருமுறை வினவிய மாணவன் அதனை மறவான். அவ்வாறு வினவுவார் பெருகின், விளம்புவாரும் தம் தொடரை முடித்துக் கூறக் கடமைப்படுவர்.